குமரி மாவட்டத்தில் முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறவருக்கு

நாகர்கோவிலில் முதல் கேமரா வாங்கக் கடை ஏறுகிறவருக்கு முதலில் காதில் விழுவது மெகாபிக்சல் கணக்கு. "தம்பி, இதுல 24, அதுல 18, பார்த்துக்கோ" என்பார் கடைக்காரர். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் நம் மாவட்டத்துக்காரர் அதற்கு முன் யோசிக்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன: எந்த லென்ஸ் மாட்டப் போகிறோம், உப்புக்காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் கேமராவை எப்படிக் காப்பாற்றப் போகிறோம். பாடியில் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) மிச்சம் பிடித்து இந்த இரண்டிலும் பணத்தைப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. கீழே வருவதெல்லாம் அந்தக் கட்சியிலிருந்து எழுதியது.

முதல் படி: டிஎஸ்எல்ஆர்தானா என்று முடிவு செய்யுங்கள்

கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) மாடல் எதையும் கொண்டுவரவில்லை. இரண்டு கம்பெனிகளும் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்களின் பக்கம் போய்விட்டன. அதனால் டிஎஸ்எல்ஆர் செத்துப்போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. பழைய லென்ஸ்கள் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன, செகண்ட் ஹேண்ட் பாடிகளின் விலையும் இறங்கியிருக்கிறது. குறைந்த பணத்தில் போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இது நல்ல நேரம் என்றே சொல்வேன்.

வீடியோதான் உங்கள் முக்கிய வேலை, யூடியூப் சேனல் நடத்தப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நின்று மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிடுங்கள். படம்தான் முக்கியம், பட்ஜெட் இறுக்கம் என்றால் டிஎஸ்எல்ஆர் போதும். வெயில் கொளுத்தும் சொத்தவிளைக் கடற்கரையில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன சன்னல்) கண்ணாடி வழியாக நேரடிக் காட்சியே தெரிவதால் நடு மத்தியானத்திலும் தடுமாற்றம் இல்லை. பேட்டரியும் நின்று உழைக்கும். முக்கடல் கூடும் இடத்தில் சுற்றுலாப் பயணிகளைப் படமெடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டுத் தருகிறவர்களின் கழுத்தைப் பாருங்கள், தொங்குவதில் பெரும்பாலும் டிஎஸ்எல்ஆர்தான்.

இரண்டாம் படி: என்ன எடுக்கப் போகிறீர்கள்?

"எல்லாம்தான்" என்று பதில் சொல்லாதீர்கள். நம் ஊரிலேயே தேவை எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

திருவள்ளுவர் சிலை 133 அடி உயரம். கரையிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை (எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகும், குறையக் குறைய அகலமான காட்சி அடங்கும்) 55இல் வைத்து, கேமராவை நெடுக்காகப் பிடித்து எடுத்தால் படத்தின் உயரத்தில் சிலை ஐந்தில் ஒரு பங்கு அளவே வரும். 250க்குப் போனால் ஃப்ரேம் நிறைந்துவிடும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கதை தலைகீழ். 115 அடி உயரத் தூண்களின் அடியில் நின்று அண்ணாந்து எடுக்க 18 வேண்டும், அதுவும் சில இடங்களில் பற்றாது. பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நுழைந்தால் கறுத்த தரை, மரக் கூரை, சன்னல் வழியே வரும் கொஞ்ச வெளிச்சம். அங்கே தூரமோ அகலமோ பிரச்சினையில்லை, வெளிச்சம்தான் பிரச்சினை. கோட்டாறு சவேரியார் கோவில் தேரையும் சுசீந்திரம் மார்கழித் திருவிழாவின் இரவு வாகனங்களையும் எடுக்கப் போனாலும் இதே பிரச்சினைதான்.

தேரூர், சுசீந்திரம் குளங்களில் பறவை எடுக்க ஆசையா? 300 கூடப் பற்றாக்குறையாகத்தான் இருக்கும். ஆனால் தொடங்குவதற்கு அது போதும்.

உங்கள் விருப்பத்தை வரிசையாக எழுதி, முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நான்கு பாடிகள், நான்கு குணங்கள்

தொடக்க விலை வரிசையில் நம் பக்கம் புதிதாகவோ பழையதாகவோ அதிகம் கண்ணில் படுகிறவை கேனான் 1500டி, கேனான் 200டி மார்க் 2, நிக்கான் டி3500, நிக்கான் டி5600. நான்கிலும் ஏபிஎஸ்-சி என்ற அளவில் சென்சார் (வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சில்லு), நான்கிலும் 24 மெகாபிக்சல். ஆக, கடைக்காரரின் மெகாபிக்சல் கணக்கு இங்கே செல்லாது. நல்ல வெளிச்சத்தில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எது எந்தக் கேமராப் படம் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேனான் 1500டி 2018இல் வந்தது. எளிமையானது, எங்கும் கிடைப்பது, பழுது பார்ப்பவருக்கும் பழகியது. ஃபோகஸ் புள்ளிகள் 9, வினாடிக்கு 3 படம், திரை அசையாது, தொடுதிரையும் இல்லை. மைக் செருக வழியில்லை. பேட்டரி ஒரு சார்ஜுக்கு 500 படம் என்பது கம்பெனிக் கணக்கு. ஓடும் பிள்ளைகளையும் பறக்கும் கொக்கையும் துரத்த இது கொஞ்சம் மந்தம். மற்றபடி கற்றுக்கொள்ள ஒரு குறையும் இல்லை. இதோடு சேர்த்துக் காட்டப்படும் 3000டி விலை குறைவுதான். ஆனால் அதில் 18 மெகாபிக்சல், சின்ன மங்கல் திரை, லென்ஸ் மாட்டும் வளையம்கூடப் பிளாஸ்டிக். மெகாபிக்சலை விட்டுத்தள்ளலாம், அந்தத் திரையையும் வளையத்தையும் விட முடியாது. கூடக் கொஞ்சம் போட்டு 1500டிக்கே போய்விடுங்கள்.

நிக்கான் டி3500ம் 2018தான். இப்போது தயாரிப்பில் இல்லை, கிடைத்தால் பழைய ஸ்டாக் அல்லது செகண்ட் ஹேண்ட். பேட்டரி, கார்டு சேர்த்து 415 கிராம். வினாடிக்கு 5 படம், 11 ஃபோகஸ் புள்ளிகள், பேட்டரி 1550 படம். ஒரு திருவிழா நாளை ஒரே பேட்டரியில் ஓட்டிவிடலாம். எந்தப் பொத்தான் எதற்கு என்று கேமராவே சொல்லித்தரும் கைடு மோடும் உண்டு. வெறும் படம் மட்டும் எடுப்பவருக்கு இந்த நான்கில் என் ஓட்டு இதற்குத்தான். குறை என்றால், திரை அசையாது, மைக் செருக முடியாது, வைஃபை இல்லாமல் ப்ளூடூத் மட்டும் என்பதால் படத்தைப் போனுக்கு மாற்றப் பொறுமை வேண்டும்.

கேனான் 200டி மார்க் 2 வந்தது 2019இல். திரும்பி மடங்கும் தொடுதிரை, மைக் வழி, பேட்டரி 1070 படம். இதன் பெரிய பலம் திரையைப் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் வேகமாகப் பிடிப்பது. மற்ற மூன்றிலும் அது இழுக்கும். வீட்டு விசேஷத்தில் படமும் வேண்டும், கொஞ்சம் வீடியோவும் வேண்டும் என்பவருக்கு இதுதான் சரி. 4கே என்று அட்டையில் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். 4கேயில் காட்சி ஓரங்களில் வெட்டுப்படும், அந்த வேகமான ஃபோகஸும் வேலை செய்யாது. ஃபுல் எச்டியில் எடுங்கள்.

நிக்கான் டி5600இல் 39 ஃபோகஸ் புள்ளிகளும் மடங்கும் தொடுதிரையும் மைக் வழியும் உண்டு. 2016இல் வந்த மாடல் என்பதால் வயது தெரியும், அதனாலேயே செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கு மாட்டும்.

கல்யாண வேலைக்கு உதவியாளாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1500டியிலும் 200டி மார்க் 2இலும் மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய மின்தொடர்புப் புள்ளி கிடையாது. மலிவான சில வேற்றுக் கம்பெனி ஃப்ளாஷ்களும், ஃப்ளாஷைத் தள்ளி வைத்து அடிக்க உதவும் ட்ரிகர்களும் அதில் வேலை செய்யாது. நீங்கள் வேலைக்குப் போகும் ஸ்டுடியோவில் எந்தக் கம்பெனி லென்ஸ் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அதே கம்பெனியை வாங்குங்கள். இரவல் கிடைக்கும் லென்ஸைவிட மலிவான லென்ஸ் உலகத்தில் இல்லை.

நான்காம் படி: கையில் பிடியுங்கள்

கடையில் கேமராவை வலது கையால் மட்டும் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குகிறதா, கட்டைவிரல் பொத்தான்களுக்கு எட்டுகிறதா என்று கவனியுங்கள். அடுத்து வியூஃபைண்டரில் கண்ணை வையுங்கள். மங்கலாகத் தெரிந்தால் "கேமரா சரியில்லை" என்று வைத்துவிட வேண்டாம். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரமோ குமிழோ இருக்கும். அதைத் திருப்பினால் உங்கள் பார்வைக்கு ஏற்பத் தெளிவாகும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே பாருங்கள். கேனானா நிக்கானா என்ற சண்டையில் பாதி இந்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: லென்ஸ்

இங்கேதான் பணம் போட வேண்டும். மொத்தப் பட்ஜெட்டில் பாடிக்குப் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட் லென்ஸின் மேல் கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி அது. அந்த எழுத்து இல்லாத 18-55ம் சந்தையில் சுற்றுகிறது, விலை குறைவின் காரணம் அதுவாக இருக்கலாம். நிக்கான் 70-300இலும் விஆர் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை. விஆர் இல்லாமல் 300இல் எடுக்க ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் கதவு) வேகம் வினாடியில் 500ல் ஒரு பங்கைவிட மெதுவாக இருக்கக் கூடாது. மாலையானால் அதற்கு வெளிச்சம் போதாது.

இரண்டாவது லென்ஸாக என்ன வாங்குவது? கடைகளில் "டபுள் ஜூம்" என்று 55-250ஐ சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சிலை, பறவை, கடலில் போகும் வள்ளம் என்று இரண்டாம் படியில் எழுதியிருந்தால் வாங்குங்கள், நல்ல லென்ஸ்தான். முகம், கோவில், வீட்டுக்குள் என்று எழுதியிருந்தால் அதற்குப் பதில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது). கேனானில் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம், நிக்கானில் 35 எம்எம் எஃப் 1.8ஜி டிஎக்ஸ். கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் திறப்பு எஃப் 5.6. அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அரண்மனை உள்ளறையில் கிட் லென்ஸ் ஐஎஸ்ஓவை (வெளிச்சம் போதாதபோது கேமரா கூட்டிக்கொள்ளும் உணர்திறன் எண்) 6400க்கு ஏற்றிப் படத்தை மணல்மணலாக்கும் இடத்தில், இது 800க்குள் முடித்துவிடும்.

நிக்கான் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி3500, டி5600 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதிய லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் ஆகும். "50 எம்எம் 1.8டி, சல்லிசா வருது" என்று யாராவது நீட்டினால் கையால் திருக வேண்டியதுதான். கேனானில் இந்தத் தொல்லை இல்லை, 1987 முதல் வந்த ஈஎஃப் லென்ஸ்கள் எல்லாமே இந்தப் பாடிகளில் ஃபோகஸ் ஆகும். நாளைக்கு மிரர்லெஸ் வாங்கினாலும் ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ்களைக் கேனானின் அடாப்டர் போட்டு அப்படியே ஓட்டலாம்.

ஆறாம் படி: செகண்ட் ஹேண்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்

புதிதாகவே வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் போனையும் ஒரு மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் லென்ஸ். பாடியிலிருந்து கழற்றி, முன்மூடி பின்மூடி இரண்டையும் எடுங்கள். போன் டார்ச்சை ஒரு பக்கம் சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நாலைந்து தூசித் துகள் தெரிந்தால் விடுங்கள், படத்தில் வராது. உள் கண்ணாடியில் சிலந்தி வலை போல மெல்லிய வெள்ளை நூல்கள் ஓரத்திலிருந்து கிளை பிரிந்து படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடைக்காரர் பாஷையில் "ஃபங்கஸ்". "துடைச்சா போயிரும்ணே" என்பார்கள். துடைக்க லென்ஸைப் பிரிக்க வேண்டும், துடைத்தாலும் பூச்சு அரித்த தடம் மிஞ்சலாம். தொடக்க விலை லென்ஸுக்கு அந்தச் செலவு கட்டாது. மறு பேச்சில்லாமல் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து பாடியின் திருகுகள். அடியில் ட்ரைபாட் மாட்டும் துளையைச் சுற்றி, ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில், வார் கோக்கும் வளையத்தில் துருவோ பச்சைப் பூப்போ இருக்கிறதா? பேட்டரி அறையைத் திறந்து தகடுகளைப் பாருங்கள். அங்கே பூத்திருந்தால் அந்தக் கேமரா கடற்கரையில் வேலை பார்த்தது, வேலை முடிந்து யாரும் துடைத்தும் வைக்கவில்லை என்று அர்த்தம். வெளியே தெரிவது இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவோ.

பிறகு சென்சார். திறப்பை எஃப் 22க்கு வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் தூசி. அது சுத்தம் செய்யக்கூடியதுதான், விலை பேச உதவும்.

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதும் முக்கியம். இந்த வகைக் கேமராக்களின் ஷட்டர் சுமார் 1 லட்சம் அடிகளுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்தையே ஷட்டர் எண்ணிக்கை காட்டும் இணையதளத்தில் ஏற்றினால் தெரிந்துவிடும். கேனானில் பெரும்பாலும் கேமராவைக் கணினியில் இணைத்து மென்பொருள் போட்டுத்தான் பார்க்க முடியும். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பில்லைக் கேளுங்கள், பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பில் இல்லை, பெட்டி இல்லை, விலை மட்டும் ரொம்பக் குறைவு என்றால் அது யாரிடமிருந்து காணாமல் போனதோ!

ஏழாம் படி: கூடவே வாங்க வேண்டியவை

64 ஜிபி கார்டு ஒன்றைவிட 32 ஜிபி இரண்டு நல்லது, ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றது இருக்கும். லென்ஸின் முன்னால் மாட்டும், அதன் விட்டத்துக்கு ஏற்ற யூவி ஃபில்டர் என்ற காப்புக் கண்ணாடி வேண்டுமா என்று மற்ற ஊர்களில் வாதாடுவார்கள், முட்டத்திலும் சங்குத்துறையிலும் நின்று எடுக்கிறவருக்கு வாதமே வேண்டாம், வாங்கிவிடுங்கள். ஒரு ரப்பர் ப்ளோயர், இரண்டு மைக்ரோஃபைபர் துணி. மலிவு ட்ரைபாட் நம் காற்றுக்குத் தாங்காது, நல்லது வாங்கப் பணம் சேரும் வரை பொறுங்கள்.

இனி உப்பும் ஈரமும். தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நன்றாகக் கொடுத்துவைத்த மாவட்டம் நம்முடையது. குளச்சல்காரருக்கும் குலசேகரத்துக்காரருக்கும் ஒரே தொல்லைதான், அங்கே உப்பு கூடுதல், இங்கே ஈரம் கூடுதல். மர அலமாரியிலோ கேமராப் பையிலோ மாதக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை வருவது உறுதி. பை தூக்கிக்கொண்டு போகத்தான், வைத்துப் பாதுகாக்க அல்ல.

வசதி இருந்தால் மின்சாரத்தில் ஓடி ஈரத்தைக் குறைக்கும் பெட்டியான ட்ரை கேபினெட். இல்லாவிட்டால் ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. மீட்டரில் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் சரி. சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். அதற்கென்று ஒதுக்கிய பழைய வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சுக்கு வரும், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். நீலம் ரோஸாக மாறும் வகையில் இருப்பது கோபால்ட் உப்பு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது வேண்டவே வேண்டாம். சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடலாம் என்று ஒரு யோசனை ஊரில் உலவுகிறது. அரிசித் தூசியும் வண்டும்தான் மிச்சம்.

கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி, பாடியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். 1500டியிலும் டி3500இலும் சென்சார் தானே உதறிச் சுத்தமாகும் வசதி கிடையாது. ஆரல்வாய்மொழிக் காற்றாடிகளை எடுக்கப் போகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். வீட்டுக்கு வந்ததும் ப்ளோயரால் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் பாடியை ஒரு துடை, பிறகு காய்ந்த துணியால் ஒரு துடை. ஊதாமல் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் மேல் பனி படியும், பையைத் திறக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு எடுங்கள்.

எட்டாம் படி: முதல் மாதம்

ஆட்டோவிலிருந்து வெளியே வாருங்கள். கேனானில் ஏவி, நிக்கானில் ஏ என்று டயலைத் திருப்பி (திறப்பை நீங்கள் வையுங்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), ஐஎஸ்ஓவை ஆட்டோவில் வைத்து உச்சத்தை 3200க்குக் கட்டுங்கள். ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ரா (கேமரா திருத்தாமல் பதியும் மூலக் கோப்பு), ஜேபெக் இரண்டையும் சேமிக்கச் சொல்லுங்கள், ரா இன்றைக்குப் புரியாவிட்டாலும் பின்னால் உதவும்.

சூரிய உதயம் எடுக்கக் கன்னியாகுமரிக்குப் போகிறவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் தெரிவது திரையில் காட்டும் படமல்ல, நேர் வெளிச்சம். தூரத்தை இழுக்கும் டெலி லென்ஸ் மாட்டிச் சூரியனைக் குறிபார்த்தால் அந்த வெளிச்சம் முழுக்கக் குவிந்து கண்ணுக்குள் இறங்கும். சிவப்பு வட்டமாகக் கடலிலிருந்து எழும்போதும் லைவ் வியூவைப் போட்டுத் திரையில் பாருங்கள். வட்டம் மஞ்சளாகி வெளுக்கத் தொடங்கினால் லென்ஸை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள், சென்சாருக்கும் அது ஆகாது.

இருட்டில் எடுத்துப் பழக பத்மநாபபுரம் அரண்மனை கொள்ளாம். கேமராவுக்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள், ஃப்ளாஷை அணைத்துவிட்டு எஃப் 1.8ஐ மாட்டிக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அன்றைக்குக் காலை வெயில் ஏறுவதற்குள் தேரூர் குளக்கரைக்குப் போய்விடலாம்.